இன்னொருவனின் உதடுகள்

9 பிப்ரவரி 1998, திங்கள்

இன்று முற்பகல் லாஸ் ஏஞ்சலஸில் சுடப்பட்டுச் செத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. அந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் போலீஸ்காரனுக்கு இத்தனை வருடமாகப் பிரெஞ்சில் குரல் கொடுத்தவன் நான். அவன் அங்கே தயாரிப்பாளரோடு சண்டை போட்டுக்கொண்டு தொடரை விட்டுப் போனான். இங்கே என்னையும் கொன்றுவிட்டான். நான் ஒருவன் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

அவன் மனைவிக்குக் குரல் கொடுக்கும் கிஸ்லேன், என் பிணத்தின் மேல் விழுந்து அழுது முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா செத்தீங்க ஊபேர். கடைசி மூச்சுல லேசா ஒரு விசில் வந்துது பாருங்க, அது ரொம்ப அழகு."

"அது சளி" என்றேன்.

திரும்பும் வழியில் பத்திரிகைக் கடை வாசலில், ஒரு அட்டையில், நடிகன் அன்செல்ம் போர்தநாவின் முகம் தொங்கியது. அதே உடைந்த மூக்கு. கீழே கொட்டை எழுத்தில்: 'முப்பது வருடம், ஒரே குரல்.' வாங்கவில்லை. நின்றபடியே படித்தேன். பிரனே மலையடிவாரத்தில், ஒலோரோன் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தாராம். பதினான்கு வயதில் தொப்பித் தொழிற்சாலையில் கம்பளி மிதித்தாராம். ஊர்க்கொச்சை போவதற்காகப் புத்தகத்தைப் பசுக்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியே பேச்சைத் திருத்திக்கொண்டாராம்.

பசுக்கள். ஆக, நாடகக் கல்லூரியில் உச்சரிப்புக்கு முதல் பரிசு வாங்கிய நான்தான் அந்தப் பசு.

12 பிப்ரவரி

வேலை இல்லை. வெங்காயத்தாள் சூப். மழை.

24 பிப்ரவரி, செவ்வாய்

சொலேன் கெர்த்ரெல் என்று ஒரு பெண் நேற்று தொலைபேசியில் அழைத்தாள். திரைப்பட இயக்குநராம். பார்க்க வேண்டும் என்றாள். புதுத் தொடர் ஏதாவது இருக்கும் என்று நினைத்து, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ரிபப்ளிக் சதுக்கத்துக் காப்பிக்கடைக்குப் போனேன். முப்பது வயசுதான் இருக்கும். வந்த காப்பியைத் தொடவில்லை.

"முசியே வாஸ்லென், அன்செல்ம் இனிமே பேச மாட்டார்" என்றாள்.

புற்று. டிசம்பரில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. வெளியே யாருக்கும் தெரியாது.

அதற்கு முன், இலையுதிர் காலத்தில், அவனுடைய ஊர்ப்பக்கமே போய் ஒரு படம் எடுத்திருக்கிறாள். ஊரை விட்டு ஓடிப்போன கால்நடை மருத்துவன் ஒருவன் வயதான பின் திரும்பி வருகிற கதை. பெரும்பாலும் ஆற்றங்கரை, அருவிக்கரை. தண்ணீர்ச் சத்தத்தில் அங்கே பேச்சு எதுவும் பதிவாகவில்லை. பிறகு பாரிசில் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து, திரையில் தன் உதட்டைப் பார்த்து அவனே பேசிச் சேர்ப்பான் என்று விட்டிருக்கிறார்கள். எல்லாரும் செய்வதுதான். அதற்குள் தொண்டை போய்விட்டது.

"உங்க பேரை அவரேதான் சிலேட்டுல எழுதினார். எனக்கு நீங்க யாருன்னே தெரியாது. யாருன்னு கேட்டேன். 'அவன்கிட்டயே கேளு'ன்னு எழுதினார். சொல்லுங்க, நீங்க அவருக்கு யார்?"

"பசு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

எனக்கு என்ன தோன்றியது? இதை யார் படிக்கப் போகிறார்கள், உண்மையையே எழுதுகிறேன். சந்தோஷம். முதலில் வந்தது அதுதான். வெட்கம் வருவதற்குள் சதுக்கத்தைத் தாண்டி மெட்ரோப் படியில் இறங்கிவிட்டேன்.

25 பிப்ரவரி

தூக்கம் வரவில்லை. எழுதி வைக்கிறேன், ஒரு தடவையாவது ஒழுங்காக.

1967. கல்லூரியிலிருந்து பரிசோடு வெளியே வந்திருந்தேன். பெரிய அரங்கு எதுவும் என்னைக் கூப்பிடவில்லை: குரல் நன்றாக இருக்கிறது, முகம் மறந்துபோகிறது என்றார்கள். இப்படியே சொன்னார்கள், முகத்துக்கு நேரே. அப்போதுதான் வெர்தியே என்ற இயக்குநர், அல் இறைச்சிச் சந்தையில் மாட்டுத் தொடையைத் தோளில் சுமந்துகொண்டிருந்த ஒருத்தனைப் பிடித்துவந்து கதாநாயகன் ஆக்கியிருந்தார். அன்செல்ம். என்னைவிட ஒரு வயது சிறியவன். மாமாவிடம் சுமை தூக்க ஊரிலிருந்து வந்தவன். ரக்பியில் மூக்கு உடைந்தவன். கேமரா முன் நின்றால் கண்ணை எடுக்க முடியாது. வாயைத் திறந்தால் சிரிப்பு வரும், அப்படி ஒரு தெற்கத்திப் பேச்சு. கதையிலோ அவன் பாரிஸ் வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை.

"முகம் பேசட்டும், வாய் சும்மா இருக்கட்டும்" என்றார் வெர்தியே. என்னைக் கூப்பிட்டார்.

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில், திரைக்கு எதிரே குறுக்காக இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, திரைக்கு அடியில் வசன எழுத்து ஓட, அவன் உதட்டில் என் பேச்சை வைத்தேன். அவன் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். யாரும் வரச் சொல்லவில்லை, தினமும் வந்தான். ஒரு இடைவேளையில் பக்கத்தில் வந்து,

"முசியே, இது எங்கிருந்து வருது? நெஞ்சா, முதுகா?" என்று கேட்டான்.

"படிச்சா வரும்" என்றேன்.

"நான் படிக்கல. கொஞ்சம் திரும்புங்க." என் முதுகில் கையை வைத்து, "இப்ப பேசுங்க" என்றான். பேசினேன். இறைச்சி தூக்கிய கை, சூடாக, அகலமாக இருந்தது. "ஆ. இங்கிருந்துதான்" என்றான். பிறகு தன் பையிலிருந்து ஊர்த் தொத்திறைச்சி எடுத்து, கத்தியால் அரிந்து எனக்குக் கொடுத்தான்.

படம் ஓடியது. பாரிசே அந்தக் குரலைப் பேசியது. எல்லாரும் அவன் குரல் என்றார்கள். எங்கள் பெயரையெல்லாம் அப்போது திரையில் போடும் வழக்கம் இல்லை. அடுத்த படத்துக்கும் என்னைத்தான் கேட்டார்கள். தேதி கூடக் கொடுத்துவிட்டேன். முதல் நாள் போனால் தயாரிப்பாளர் வாசலிலேயே நின்று, "தேவைப்படலை, முசியே. அவர் பேசறார்" என்றார். உள்ளே அவன் பேசிக்கொண்டிருந்தான். என்னைப்போல. நான் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டு. எங்கள் படத்தைத் திரையரங்கில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்துக் கற்றிருக்கிறான்.

எனக்குக் கையை ஆட்டினான். நான் ஆட்டவில்லை. அதன் பிறகு பேச்சே இல்லை. ஒரு பேட்டியிலும் என் பெயரைச் சொன்னதில்லை. ஒன்றில்கூட.

3 மார்ச், செவ்வாய்

சொலேனிடம் என் நிபந்தனையைச் சொன்னேன். படம் தொடங்கும் முன், தனித் திரையில், அவன் பெயருக்கு நிகரான எழுத்தில்: 'அன்செல்ம் போர்தநாவின் குரல் - ஊபேர் வாஸ்லென்.' கடைசியில், ஆட்கள் கோட்டு மாட்டிக்கொண்டு எழுந்து போகும்போது ஓடும் பொடி எழுத்தில் இல்லை. முதலில்.

"முசியே, ஆரம்பத்துலயே போட்டா எல்லாரும் அவர் உதட்டைத்தான் பார்த்துட்டிருப்பாங்க. படத்தைப் பார்க்க மாட்டாங்க. கடைசியில பெரிசா போடறேன். சத்தியமா போடறேன்."

"முப்பது வருஷமா கடைசியிலதான் இருக்கேன்."

"இது அவரோட கடைசிப் படமா இருக்கலாம்."

"எனக்கு இது முதல் படம்" என்றேன். நன்றாகச் சொன்னோம் என்று அப்போது தோன்றியது.

5 மார்ச், வியாழன்

மாயிதே தொலைபேசியில் கூப்பிட்டாள். அன்செல்மின் மனைவி, அவன் ஊர்க்காரி. இத்தனை வருடம் பாரிசில் இருந்தும் பேச்சில் ஒரு மண் உதிரவில்லை.

"அவர் உங்களைப் பார்க்கணும்னு சொல்றார். சொல்றார்னா, எழுதறார். படத்துல சில இடம் உங்களுக்குக் காட்டணுமாம். வீட்டுக்கு வாங்களேன். கோழிச் சூப் வைக்கிறேன். அவருக்கு விழுங்க முடியாது, நாம சாப்பிடறதைப் பார்த்துட்டு இருப்பார். அதுவும் அவருக்குப் பிடிக்கும்."

"ஒப்பந்தத்துல கையெழுத்து ஆகட்டும், மதாம். வரேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"முறைன்னு ஒன்னு இருக்கு."

"அவர் சொன்னார், நீங்க முறையான ஆள்னு" என்று வைத்துவிட்டாள்.

12 மார்ச்

தயாரிப்பாளர் மறுக்கிறார். நானும் மறுக்கிறேன். பார்ப்போம் யார் களைக்கிறார்கள் என்று.

19 மார்ச்

மறுபடி தொலைபேசி அடித்தது, மாயிதேயாகத்தான் இருக்கும். நான் எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தது.

26 மார்ச், வியாழன்

ஜெயித்துவிட்டேன். தனித் திரை, சம எழுத்து, முதலில். கையெழுத்து ஆயிற்று.

சொலேன் பேனாவை மூடிக்கொண்டே சொன்னாள்: "யார் முடிச்சு வெச்சாங்கன்னு தெரியுமா? அன்செல்ம். உங்க நிபந்தனையை நான் அவர்கிட்ட சொன்ன அன்னிக்கே சரின்னுட்டார். படுத்த இடத்துலேர்ந்து தயாரிப்பாளரோட சண்டை போட்டார். உங்க பேர் முதல்ல வரலைன்னா தன் பேரையும் எடுத்துடச் சொன்னார்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க போனை எடுக்கலையே, முசியே."

வீட்டுக்கு வந்து ஒரு கோப்பை ஒயின் ஊற்றிக்கொண்டேன். கொண்டாட்டம் மாதிரி இல்லை.

6 ஏப்ரல், திங்கள்

முதல் நாள் ஒலிப்பதிவு. எழுதவே கூசுகிறது.

விளக்கணைத்தார்கள். திரையில் அவன். எவ்வளவு கிழண்டு போயிருக்கிறான். ஆற்றில் முழங்கால் அளவு நீரில் நின்று ஒரு பசுவின் காலைப் பிடித்துப் பேசுகிறான். நான் கம்பியைப் பிடித்தேன், மூச்சை இறக்கினேன், அந்தப் பழைய குரலை எடுத்தேன். என் குரல். இன்னும் இருக்கிறது, அப்படியே இருக்கிறது. பேசி முடித்தேன்.

அவன் உதடு முடிக்கவில்லை.

நான் நிறுத்திய பிறகும் ஒரு அசைவு, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும். மறுபடி செய்தோம். மறுபடி. எனக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் பெருமூச்சு விட்டார்.

"நீங்க முடிச்சுட்டீங்க, அவர் முடிக்கலை" என்றாள் சொலேன்.

"வேகம் கூடிப்போச்சு."

"வேகம் இல்லை, முசியே. இந்தப் படத்துல அவர் ஊர்ப் பேச்சு பேசறார். நாம விழுங்கற கடைசி அசையை அவங்க விழுங்க மாட்டாங்க, சொல்லிட்டுத்தான் வாயை மூடுவாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா? இதைக் காட்டத்தானே அவர் உங்களை வீட்டுக்கு வரச் சொன்னார்."

இளைஞனாக அவன் ஒளித்து வைத்த பேச்சு. நான் மூடிவைத்த பேச்சு. அந்தக் குரலை எனக்கும் தெரியும் என்று நினைத்துப் போனேன். எனக்குத் தெரிந்தது என் குரல் மட்டும்தான். அந்தக் கடைசி அசையை வாலாக ஒட்டிப் பார்த்தேன். மேடையில் கோமாளி வேலைக்காரன் பேசுகிற மாதிரி வந்தது. ஒலிப்பதிவாளருக்குச் சிரிப்பு வந்து, இருமி மறைத்தார். முதல் பரிசுக்காரன்.

மதியத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

9 ஏப்ரல், வியாழன்

போனேன். ஷரோன் தெருவில், மாடியில். மாயிதேதான் கதவைத் திறந்தாள். என் கையில் பூங்கொத்து. நோயாளிக்கு வாசனைப் பூ ஆகாது என்று வாங்கி வெளியே படியிலேயே வைத்துவிட்டாள்.

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் பட்டுத் துணி. பாதியாகிவிட்டான், மூக்கு மட்டும் அப்படியே. என்னைப் பார்த்ததும் சிலேட்டில் எழுதித் திருப்பினான்: 'குண்டாகிவிட்டாய்.'

"நீ மெலிஞ்சுட்டே" என்றேன்.

தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கிறான். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. மூச்சு துணிக்கடியில் புஸ் புஸ் என்றது.

வேலையைத் தொடங்கினோம். அவன் வசனத்தைச் சத்தமில்லாமல் உதட்டால் சொல்வான், நான் அதற்கு மேல் பேசுவேன். தவறினால் நாற்காலிக் கையில் தட்டுவான். ரொம்பத் தவறினால் கண்ணை மூடிக்கொண்டு செத்த மாதிரி தலையைச் சாய்ப்பான். மாயிதே பட்டாணி உரித்துக்கொண்டே, "இல்லை, இல்லை, நீங்க வாலை வெளியிலிருந்து ஒட்டறீங்க. அது ஒட்டு இல்லை. வார்த்தையைக் கொஞ்சம் வாயிலயே வெச்சுக்கணும், வெளியே போக மனசில்லாத மாதிரி" என்றாள். மெல்ல மெல்ல வந்தது. ஆற்றங்கரைப் பேச்சு முழுவதும் ஒரு முறை தட்டாமல் போனது. அவன் கையை உயர்த்தி, வா வா என்பது போல் ஆட்டினான். என் முதுகெல்லாம் வேர்த்திருந்தது. எத்தனை வருடமாயிற்று நான் ஒன்றைப் புதிதாகச் செய்து.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் கேட்டேன்.

"ஏன் ஒரு தடவைகூட என் பேரைச் சொல்லலை?"

மாயிதேயின் கை நின்றது. அவன் சிலேட்டை எடுத்தான். எழுதினான், அழித்தான், எழுதினான்.

'ஒவ்வொரு படத்தின் முதல் காட்சியிலும் கதவைப் பார்ப்பேன். நீ வந்து, எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் வாயைத் திறப்பாய் என்று. முப்பது வருடம். பயந்தவன் பேர் சொல்வானா.'

நான் என்ன சொன்னேன்? "நான் டிக்கெட்டே வாங்கினதில்லை" என்றேன். அது உண்மை. அவன் படம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. அவன் மறுபடி சிரித்தான், ஆனால் நடுவில் இருமல் வந்து, துணியெல்லாம் நனைந்து, மாயிதே என்னை எழுப்பிவிட்டாள்.

"பாதிதான் ஆச்சு. ஈஸ்டர் கழிஞ்சு செவ்வாய்க்கிழமை வாங்க. தினமும் வாங்க. உங்களைப் பார்த்தா அவருக்குக் கொஞ்சம் திமிர் வருது, நல்லதுதான்."

14 ஏப்ரல், செவ்வாய்

நேற்று காலை போய்விட்டான். ஆஸ்பத்திரியில். நான் இன்று மதியம் அவன் வீட்டுப் படி ஏறி மணி அடித்த பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

மார்ச் ஐந்தாம் தேதியே மாயிதே கூப்பிட்டாள். கோழிச் சூப் வைக்கிறேன் என்றாள்.

முறைன்னு ஒன்னு இருக்குன்னு சொன்னேன் நான். என்ன முறை? எவன் எழுதி வெச்ச முறை? மார்ச் பூரா அவன் அங்க ஜன்னல்கிட்ட சும்மா உட்கார்ந்திருந்தான், நான் இங்க போன் அடிக்கிறதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

17 ஏப்ரல்

அடக்கம் ஊரில். நான் போகவில்லை. எந்த முகத்தோடு? அதுதான் மறந்துபோகிற முகமாயிற்றே, யார் கவனித்திருப்பார்கள்.

5 மே, செவ்வாய்

பதிவு முடிந்தது. முதல் பாதி அவனோடு பேசிப் பார்த்தது, நன்றாக வந்திருக்கிறது. இரண்டாம் பாதிக்கு மாயிதே வந்தாள், கறுப்பு உடையில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக் காட்டினாள். அவளுடையது பெண் பேச்சு, அவனுடையது வேறு. ஒப்பேற்றினோம். சொலேன் "பரவாயில்லை" என்றாள். எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும்.

கடைசிக்கு முன் சமையலறைக் காட்சி வந்தது. நான் கம்பியைப் பிடித்தேன். "இதுக்கு நீங்க வேண்டாம்" என்றாள் சொலேன். "வீட்டுக்குள்ள, கதவைச் சாத்திட்டு எடுத்தது. சத்தம் சுத்தமா இருக்கு. கேளுங்க."

கேட்டேன். மருத்துவன் மேசையில் உட்கார்ந்து தங்கையோடு அவரைக்காய் உரிக்கிறான். அப்பா சாகும்போது என் பேரைச் சொன்னாரா என்று கேட்கிறான். இல்லை என்கிறாள். "சரி" என்கிறான். கொஞ்ச நேரம் உரிக்கிறான். பிறகு இன்னொரு முறை, "சரி."

தொண்டை ஏற்கெனவே பழுதாகியிருந்தது, கரகரப்பு தெரிகிறது. ஆனால் அந்த இரண்டாவது 'சரி'யில்... நான் அதில் என்னைத் தேடினேன். என் மூச்சை, என் நிறுத்தத்தை. ஒன்றும் இல்லை. எப்போதோ, எந்தப் படத்திலோ, என்னைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் குரலுக்குப் போயிருக்கிறான். நான் ஒரு படமாவது பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இல்லாத ஒன்றைத் திருடினான் என்று திருடனைத் துரத்தியிருக்கிறேன், என் ஆயுசில் பாதி.

சொலேன் விளக்கைப் போடவில்லை. நல்ல பெண்.

15 செப்டம்பர், செவ்வாய்

இன்று முதல் காட்சி. பெரிய அரங்கு, நிறைந்த கூட்டம், அவன் போன பிறகு வரும் படம் இல்லையா. நான் மூன்றாவது வரிசை. பக்கத்தில் மாயிதே.

விளக்கு அணைந்தது. கறுப்புத் திரை. அவன் பெயர். பிறகு அதே அளவில், தனியாக, என் பெயர்.

அரங்கு முழுவதும் ஒரு சலசலப்பு ஓடியது. அவ்வளவுதான், முடிந்துபோனது. அதன் பிறகு ஒருவரும் படம் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அவன் வாயைப் பார்த்தார்கள். பின்னால் ஒரு தம்பதி:

"பாரு, இங்க ஒட்டலை."

"ஷ்ஷ். நல்லா கவனி, அடுத்ததுலயும் ஒட்டாது."

ஆற்றங்கரையில் ஒட்டியதைக்கூட ஒட்டவில்லை என்றார்கள். சொலேன் முன்வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. ஆரம்பத்திலேயே போட்டால் உதட்டைத்தான் பார்ப்பார்கள் என்று அன்றே சொன்னாள். என் பெயரை நானே கொண்டுபோய் அவன் வாயில் திணித்துவிட்டேன்.

சமையலறை மட்டும் தப்பித்தது. முதல் 'சரி'க்கு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இரண்டாவதற்கு அரங்கே மூச்சு விடவில்லை. பின்னால் இருந்த அந்தத் தம்பதிகூட வாயை மூடிக்கொண்டார்கள்.

வெளியே, கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்கும் இடத்தில், வயதான ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தாள்.

"நீங்கதானே முசியே வாஸ்லென்? மத்ததெல்லாம் என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனா அந்தச் சமையலறை. அந்த இரண்டாவது 'சரி'. எங்க அண்ணனே வந்து பேசின மாதிரி இருந்துது. எப்படி முசியே? செத்தவரோட மனசு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அது அவர் குரல், அம்மா. நான் இல்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மூச்சில் சொல்லலாம். அவள் கண் கலங்கியிருந்தது. கை சூடாக இருந்தது. என்னிடம் யாரும் இப்படி வந்து நின்றதில்லை, ஒரு நாளும்.

"நன்றி, மதாம்" என்றேன்.

மாயிதே பக்கத்தில்தான் நின்றாள். கேட்டாள். கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள். டாக்சியில் ஆற்றைத் தாண்டும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"முதல் படத்துக்கு அவரும் இதேதான் சொன்னார். யாரோ ஒரு அம்மா வந்து, என்ன குரல் தம்பி உனக்குன்னு கேட்டாங்க. நன்றின்னுட்டார். அப்புறம் திருத்த நேரமே வரலைன்னு சொல்லுவார்."

"நான் திருத்திடுவேன்" என்றேன்.

"சரி" என்றாள்.

17 செப்டம்பர், வியாழன்

விமர்சனங்கள். படத்துக்கு அடி. இறந்தவன் வாயில் அந்நியன் குரல், பொம்மலாட்டம், என்று ஒருவர். எல்லாருமே சமையலறையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். பெரிய பத்திரிகைக்காரர் எழுதியிருக்கிறார்: 'அந்த ஒரு காட்சியில் வாஸ்லென், போர்தநாவையும் மிஞ்சுகிறார்.'

இரண்டு முறை படித்தேன். நாளைக்கே பத்திரிகைக்குத் தொலைபேசி செய்து சொல்லிவிட வேண்டும்.

18 செப்டம்பர்

செய்தேன். ஆசிரியர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். பெயர் கேட்டார்கள், சொன்னேன். "ஓ, அந்தச் சமையலறை!" என்றாள் அந்தப் பெண். பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

20 செப்டம்பர்

ஞாயிறு. அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

8 அக்டோபர், வியாழன்

படத்தை நேற்றோடு எல்லா அரங்குகளிலும் எடுத்துவிட்டார்கள். சொலேன் அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் கிடைக்காமல் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மாயிதேவும் ஒலோரோனுக்குத் திரும்பிவிட்டாள், போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

எனக்கு வேலை வந்திருக்கிறது. புதுத் தொடர், நீதிபதி வேடம், நல்ல வசனம். கதையில் கிஸ்லேன்தான் என் மகள். இன்று இடைவேளையில் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஊபேர், தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. அந்த இரண்டாவது 'சரி' இருக்கே, அதை எப்படிப் பிடிச்சீங்க? நானும் வீட்டுல சொல்லிச் சொல்லிப் பார்க்கறேன், வரவே மாட்டேங்குது."

முதல் 'சரி' தங்கைக்கு, இரண்டாவது அப்பாவுக்கு என்றேன். முதலில் சொல்லும்போது மூச்சு மேலே இருக்கும். பிறகு அது தானாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டும், கை உரித்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்தச் சொல் வெளியே போக மனசில்லாமல் வாயிலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்றேன்.

அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நன்றாகவே விளக்கினேன்.